கழற்றுவதும் பூட்டுவதும்
(புரூஸ் மக்லாரனின் வாழ்க்கை)

எங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு கைப்பேசியைச் சுற்றிப் பத்துத் தலைகள் கவிழ்ந்திருக்கும். கிரிக்கெட் இல்லாத நாட்களில் கார்ப் பந்தயம் ஓடும். ஆரஞ்சு நிறக் கார் ஒன்று முந்தும்போதெல்லாம் மக்லாரன், மக்லாரன் என்று கூச்சல் எழும். அந்தப் பெயர் யாருடையது என்று ஒருநாள் கேட்டேன். அது கார்க் கம்பெனியின் பெயர் என்றார்கள். அந்தக் கம்பெனிக்கு அப்பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

பெயர் பெரிதாகிவிட்டால் அதற்குரிய மனிதர் அதன் பின்னே மறைந்துபோகிறார். வரலாறு படிக்கும் மாணவனாகிய எனக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், இந்த ஒரு மனிதரைத் தேடிப் படிக்க எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. என் தந்தையார் மோட்டார் மெக்கானிக். எங்கள் வீட்டின் பின்புறமே அவருடைய பட்டறை. வேப்பமரத்துக் கிளையில் செயின் கப்பி தொங்கும். அதன் கீழே ஏதேனும் ஒரு காரின் எஞ்சின் எப்போதும் ஊசலாடிக்கொண்டிருக்கும். புரூஸ் மக்லாரனும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவர் என்று அறிந்தபோது, தொலைவில் இருந்த ஒருவர் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது போல இருந்தது.

தேடிப் படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிறப்பும் படுக்கையும்

1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் புரூஸ் மக்லாரன் பிறந்தார். தந்தை லெஸ், தாய் ரூத். ஆக்லாந்தின் ரெமுவேரா பகுதியில் அவர்களுக்கு ஒரு பெட்ரோல் பங்க்கும் அதனோடு சேர்ந்த பழுது பார்க்கும் பட்டறையும் இருந்தன. தந்தை இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர். பெட்ரோல் வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தச் சிறுவனுக்குப் பால்குடி நாள் முதலே பழக்கம் என்று சொல்லலாம்.

ஒன்பது வயதில் துன்பம் வந்தது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு நலிந்துபோகும் பெர்த்தஸ் என்னும் நோய் அவரைத் தாக்கியது. அக்காலத்தில் அதற்கு அசையாமல் கிடப்பதே மருத்துவம். டகபூனா என்னும் இடத்தில் இருந்த குழந்தைகளுக்கான வில்சன் இல்லத்தில், காலில் எடை கட்டி இழுத்த நிலையில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் படுத்திருந்தார். ஓடியாட வேண்டிய வயதில் கூரையைப் பார்த்துக் கிடந்தார். இனி நடக்க முடியுமா என்ற ஐயமே இருந்தது. முடிவில் எழுந்து நடந்தார். ஆனால் இடது கால் வலது காலைவிடக் குட்டையாகவே நின்றுவிட்டது. வாழ்நாள் முழுவதும் சற்றுச் சாய்ந்தே நடந்தார்.

கால்பந்து, ரக்பி முதலிய ஆட்டங்கள் அவருக்கு இல்லை என்றாகிவிட்டது. ஆனால் காரின் மிதிகட்டைகளுக்குக் காலின் நீளம் ஒரு பொருட்டன்று. வேறொரு கதவு திறந்தது. அதைத் திறந்தவர் தந்தையார்.

துண்டு துண்டாக வந்த கார்

1950களின் தொடக்கத்தில் லெஸ் மக்லாரன் 110 பவுன் கொடுத்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அது ஆஸ்டின் செவன் வகையைச் சேர்ந்த அல்ஸ்டர் என்னும் கார். வாங்கினார் என்பதைவிட, அள்ளிக்கொண்டு வந்தார் என்பதே பொருந்தும். வண்டி பெரும்பாலும் பிரித்துப்போட்ட நிலையில்தான் வீடு வந்து சேர்ந்தது.

இந்த ஆஸ்டின் செவனைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆஸ்டின் 1922இல் இதை வெளியிட்டார். நடுத்தரக் குடும்பமும் கார் வைத்துக்கொள்ளலாம் என்று காட்டிய வண்டி இது. எஞ்சினின் கொள்ளளவு 747 சி.சி. மட்டுமே, இன்று நம் சாலைகளில் ஓடும் சில மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் இதைவிடப் பெரியது. நான்கு சிலிண்டர்கள். கீழே அலுமினியத்தாலான கிராங்க் கேஸ். அதன் மேல் வார்ப்பிரும்பு பிளாக். அதற்கும் மேல் தனியாகக் கழற்றக்கூடிய ஹெட். வால்வுகள் சிலிண்டர்களின் பக்கவாட்டில் நிற்கும். தண்ணீர் பம்பு கிடையாது. சுடுநீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்னும் இயற்கை விதியே எஞ்சினைக் குளிர்விக்கும். இதே வண்டியின் பந்தய உருவம்தான் அல்ஸ்டர். 1929இல் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பந்தயத்தில் ஆஸ்டின்கள் காட்டிய திறமையை ஒட்டி அதற்கு அந்தப் பெயர் அமைந்தது.

இவ்வளவு எளிய எஞ்சினாக இருந்ததால்தான் ஒரு தந்தையும் பள்ளி மாணவனும் தம் கையாலேயே அதை இறக்கவும், பிரிக்கவும், திரும்ப ஏற்றவும் முடிந்தது. அந்த வேலை எத்தகையது என்பதைப் பட்டறைப் பக்கம் போகாத நண்பர்களுக்காக விளக்குகிறேன்.

இறக்குவது எப்படி?

முதலில் பாட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். இல்லையேல் ஸ்பானர் எங்கேனும் உரசித் தீப்பொறி பறக்கும். பெட்ரோல் இருக்குமிடத்தில் தீப்பொறி வேண்டாத விருந்தாளி. பின் தண்ணீரையும் எண்ணெயையும் வடித்துவிட்டு, பானட்டையும் ரேடியேட்டரையும் எடுக்க வேண்டும். அடுத்து பெட்ரோல் குழாய், கார்புரேட்டர், புகைக் குழாய், ஒயர்கள், கிளட்ச் இணைப்பு, ஆக்ஸிலேட்டர் இணைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். கியர் பாக்ஸின் பின்னால் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ஷாப்டைப் பிரிக்க வேண்டும். கடைசியாக, எஞ்சினைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். அப்போது எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாக மேலே வரும். ஆஸ்டின் செவனின் எஞ்சினை இரண்டு பேர் கையாலேயே தூக்கிவிடலாம். பெரிய எஞ்சினாக இருந்தால் செயின் கப்பி வேண்டும்.

இதுவரை எளிது. பொறுமை சிறிதும் வலிமை பெரிதும் உள்ள எவரும் ஒரே நாளில் செய்துவிடலாம்.

பூட்டுவதுதான் கடினம். ஒவ்வொரு பிஸ்டனும் தான் ஓடிய சிலிண்டருக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொரு வால்வும் தன் இருக்கைக்கே போக வேண்டும். கிராங்க் ஷாப்டைப் பற்றும் கனெக்டிங் ராடின் பேரிங்கில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்து, மை ஒட்டிய மேட்டைச் சுரண்டி, மீண்டும் மை தடவி, மீண்டும் சுரண்டி, எங்கும் ஒரே சீராகப் படியும் வரை பார்க்க வேண்டும். ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, மூன்று நான்கு சுற்றில் முடுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் ஒரே மூச்சில் இறுக்கினால் ஹெட் வளையும்; கேஸ்கட் ஊதும். தீப்பொறி விழும் நேரத்தை அதற்கான குறி பார்த்துப் பொருத்த வேண்டும். எல்லாம் முடிந்து எஞ்சினை வண்டியில் ஏற்றும்போது, கியர் பாக்ஸ் சற்றே சாய்ந்தாலும் துளைகள் ஒன்றுக்கொன்று நேர் வராது. அங்கே வலிமை உதவாது, நிதானமே உதவும்.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. இரண்டு கோடை விடுமுறைகளுக்கு முன் எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய பிரீமியர் பத்மினி எஞ்சின் வேலைக்கு வந்தது. அதை இறக்கி ஏற்றும் பொறுப்பை அப்பா என்னிடம் விட்டார். இறக்கினேன், பிரித்தேன், அப்பா பார்வையில் கோத்தேன், ஏற்றினேன். எஞ்சின் முதல் முயற்சியிலேயே ஓடியது. பெருமை தாங்கவில்லை. அப்பா வந்தார். ஓடும் எஞ்சினைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த தகர டப்பாவைப் பார்த்தார். அதில் ஒரு போல்ட்டும் இரண்டு வாசர்களும் மீதி இருந்தன. வண்டிதான் ஓடுகிறதே என்றேன். இன்றைக்கு ஓடும், ஆனால் இந்த போல்ட்டை என்றைக்காவது ஒருநாள் ரோடு கேட்கும் என்றார் அப்பா. எஞ்சினை மறுபடி இறக்கச் சொன்னார். அன்று இரவு பதினொரு மணி வரை அந்த போல்ட்டின் இடத்தைத் தேடினேன். கியர் பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் வளையத்தில், கைக்கு எட்டாத அடிப்பக்கத்தில், ஒரு துளை காலியாக இருந்தது.

ரெமுவேராவில் அந்தப் பையனும் இப்படித்தான் கற்றிருப்பான் என்று எண்ணிக்கொள்கிறேன்.

முதல் ஓட்டம்

அல்ஸ்டர் உருப்பெற்றது. பந்தயத்தில் தாமே ஓட்டலாம் என்றுதான் தந்தை அதை வாங்கியிருந்தார். ஓட்டிப் பார்த்தபோது அதன் துள்ளலும் தடுமாற்றமும் அவரை அச்சுறுத்தின. விற்றுவிடத் துணிந்தார். மகன் விடவில்லை, கெஞ்சிக் கேட்டுக் காரைத் தனதாக்கிக்கொண்டான். வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மரங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினான். பதினைந்து வயதை ஒட்டி, ஆக்லாந்துக்கு அருகில் முரிவாய் கடற்கரையில் நடந்த மலையேற்றப் போட்டியில் முதன்முதலாக ஓட்டினான். தான் பூட்டிய எஞ்சினைத் தானே ஓட்டிப் பார்ப்பது வேறு எதிலும் கிட்டாத பாடம். தவறு செய்தவனும் தண்டனை பெறுபவனும் அங்கே ஒருவனே அல்லவா?

அதன் பிறகு வேறு சில கார்கள் வந்தன. ஆஸ்டின் ஹீலி ஒன்று வந்தது. ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிராபத்திடமிருந்து, எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் அமைந்த கூப்பர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. இடையே புரூஸ் ஆக்லாந்தில் பொறியியலும் படித்துவந்தார். 1958இல் நியூசிலாந்தின் இளம் ஓட்டுநர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் முதலாவதாகத் தேர்வு பெற்றவர் புரூஸ் மக்லாரன். பட்டப்படிப்பை நிறுத்திவிட்டுப் புறப்பட்டார்.

அதே ஆண்டு ஜெர்மனியின் நர்பர்க்ரிங் தடத்தில், சிறிய எஞ்சின் கொண்ட இரண்டாம் வகைக் காரில் ஓடி, பெரிய கார்களுக்கும் நடுவே ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக வந்து, தம் வகையில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டே கூப்பர் அணியில் இடம் கிடைத்தது.

1959 டிசம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் செப்ரிங்கில் ஆண்டின் கடைசிப் பந்தயம் நடந்தது. முன்னால் சென்ற பிராபத்தின் காரில் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. அவர் காரைத் தள்ளிக்கொண்டே எல்லைக்கோட்டைக் கடந்து நான்காவதாக வந்து உலகச் சாம்பியன் ஆனார். அந்தப் பந்தயத்தை வென்றவர் புரூஸ். அப்போது அவருக்கு வயது 22. அதற்கு மேல் 104 நாட்கள். கிராண்ட் பிரீ பந்தயம் வென்றவர்களில் மிக இளையவர் என்ற சிறப்பு, 2003இல் ஹங்கேரியில் பெர்னான்டோ அலோன்சோ வெல்லும் வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவரிடமே இருந்தது. சாய்ந்து நடந்த சிறுவன், உலகின் வேகமான மனிதர்களோடு சமமாக நின்றான்.

1960இல் அர்ஜென்டினாவில் வென்றார்; அவ்வாண்டு உலகச் சாம்பியன் போட்டியில் பிராபத்துக்கு அடுத்த இரண்டாம் இடம். 1962இல் மொனாக்கோவில் வென்றார்.

கொட்டகையில் பிறந்த நிறுவனம்

நல்ல சம்பளம் வாங்கும் ஓட்டுநராகவே அவர் காலத்தைக் கழித்திருக்கலாம். ஆனால் பட்டறையில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? 1963இல் தம் பெயரில் ஒரு பந்தய நிறுவனம் தொடங்கினார். பெயர்தான் நிறுவனம். லண்டனுக்கு அருகே நியூ மால்டனில் ஒரு கொட்டகைதான் அதன் முதல் இருப்பிடம். மண் வெட்டிச் சமன் செய்யும் இயந்திரம் ஒன்றும் அதே கொட்டகையில் நின்றது. டெடி மேயர், டைலர் அலெக்சாண்டர் என்னும் அமெரிக்கர்கள் உடன் சேர்ந்தனர். டெடி மேயரின் தம்பி டிம்மி மேயர் 1964 தொடக்கத்தில் டாஸ்மேனியாவின் லாங்போர்டில் பயிற்சி ஓட்டத்தில் உயிரிழந்தார். அணியின் முதல் ஆண்டே சாவோடு தொடங்கியது. அந்த நண்பருக்காக எழுதிய இரங்கலில் புரூஸ், வாழ்ந்த ஆண்டுகளை அல்ல, செய்து முடித்த வேலையையே வாழ்வின் அளவாகக் கொண்டார்.

அந்த ஆண்டில்தான் ஆக்லாந்துப் பட்டறையின் பாடம் பெரிய அளவில் பயன்பட்டது. அமெரிக்கரான ரோஜர் பென்ஸ்கி ஓட்டிய சிரெக்ஸ் ஸ்பெஷல் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைப் புரூஸ் வாங்கினார். கூப்பர் கிராண்ட் பிரீ காரை மாற்றிச் செய்த வண்டி அது. அதிலிருந்த கிளைமாக்ஸ் எஞ்சினை இறக்கினார்கள். சட்டத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்துப் புதிய குழாய்ச் சட்டம் பொருத்தினார்கள். பிறகு ஓல்ட்ஸ்மொபில் காரின் அலுமினிய எட்டு சிலிண்டர் எஞ்சினை ஏற்றினார்கள். ஓர் எஞ்சினுக்காகச் செய்த இடத்தில் வேறோர் எஞ்சினை வைப்பது எளிதன்று. தாங்கும் இடம் மாறும், எடை மாறும், குழாய்கள் மாறும், கியர் பாக்ஸோடு சேரும் முகமே மாறும். எல்லாவற்றையும் கையாலேயே செய்தார்கள். வண்ணம் பூச நேரமில்லாமல், கடையில் கிடைத்த தோட்டக் கதவுக்கான பச்சைப் பெயின்ட்டை அடித்தார்கள் என்பது கேட்கச் சுவையான செய்தி. அந்தப் பச்சை வண்டி அட்லாண்டிக் கடலைக் கடந்து, கனடாவின் மோஸ்போர்ட்டில் வென்றது. அதன் பிறகே மக்லாரன் என்ற பெயரில் புதிய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. கொட்டகை ஃபெல்தமுக்கும், பின் கோல்ன்புரூக்குக்கும் இடம் பெயர்ந்து தொழிற்சாலை ஆயிற்று.

கண் எங்கே இருக்க வேண்டும்?

புரூஸின் திறமை காலில் மட்டும் இல்லை, கண்ணிலும் இருந்தது. ஒரு சோதனை ஓட்டத்தின்போது காரின் முன்பக்கம் பெட்ரோல் மூடியின் மேலிருந்த சிறு தகட்டுக் கதவு வேகத்தில் மேலும் கீழும் படபடப்பதைக் கவனித்தார். வேகம் கூடக்கூடக் காற்று அதை அழுத்தி மூடியிருக்க வேண்டும். அது எழும்புகிறது என்றால், உள்ளே சிக்கிய காற்று மேல்நோக்கித் தள்ளுகிறது என்று பொருள். காரை நிறுத்தினார். கத்தரியை எடுத்து ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த மேல்தகட்டைத் தாமே வெட்டி, சிக்கிய காற்றுக்கு வழி விட்டார். மீண்டும் ஓட்டினார், கார் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. மற்றவர் சத்தமாக மட்டும் கேட்டதை அவர் செய்தியாகக் கேட்டார்.

வெற்றிகள் தொடர்ந்தன. 1966இல் கிறிஸ் ஏமன் என்னும் சக நியூசிலாந்துக்காரரோடு ஃபோர்டு கார் ஓட்டி, பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணிப் பந்தயத்தை வென்றார். அதே ஆண்டில் தம் பெயர் கொண்ட முதல் கிராண்ட் பிரீ காரையும் மொனாக்கோவில் களம் இறக்கினார். 1968இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், முன்னால் சென்ற ஜாக்கி ஸ்டூவர்ட் கடைசி நேரத்தில் பெட்ரோலுக்காக நிற்க நேர்ந்தது. இரண்டாவதாக வந்தோம் என்று எண்ணிக் காரை நிறுத்திய புரூஸுக்கு, வென்றவர் நீங்கள்தான் என்று பிறர் சொல்ல வேண்டியிருந்தது. தாம் உருவாக்கிய காரில் தாமே கிராண்ட் பிரீ வெல்லும் அரிய பேறு அது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த கான்-ஆம் என்னும் ஸ்போர்ட்ஸ் கார்த் தொடரில் அவர்களுக்கு நிகர் இல்லை. 1967இல் புரூஸ் சாம்பியன். 1968இல் அணித் தோழர் டென்னி ஹல்ம். 1969இல் நடந்த பதினொரு பந்தயங்களிலும் மக்லாரன் அணியே வென்றது. சாம்பியன் மீண்டும் புரூஸ். சாலையில் எவரும் ஓட்டத்தக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செய்யும் கனவும் அவருக்கு இருந்தது. அதற்கான மாதிரி வண்டி ஒன்றை அவரே அன்றாடம் ஓட்டி வந்தார்.

குட்வுட்

1970 ஜூன் 2. இங்கிலாந்தின் தென்பகுதியில் குட்வுட் என்னும் தடம். போர்க்கால விமானத் தளத்தைச் சுற்றியிருந்த பாதையே அங்கே பந்தயத் தடம் ஆகியிருந்தது; நம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் முன்பு பந்தயங்கள் நடந்தது போல. அங்கே பந்தயங்கள் 1966இலேயே நின்றுவிட்டாலும் சோதனை ஓட்டங்கள் நடந்துவந்தன. புதிய கான்-ஆம் காரைப் புரூஸ் சோதித்துக்கொண்டிருந்தார்.

நேர்ப்பாதையில் மிகுந்த வேகத்தில் சென்றபோது காரின் பின்பக்க மேற்கூடு பெயர்ந்தது. காற்றின் அழுத்தத்தால் பின் சக்கரங்களைத் தரையோடு பிடித்து வைத்திருந்தது அந்தக் கூடுதான். அது போனதும் கார் பிடியிழந்து சுழன்று, பந்தய ஊழியர்கள் நிற்பதற்காகக் கட்டிய காவல் மேடையில் மோதியது. புரூஸ் மக்லாரன் அங்கேயே உயிர் நீத்தார். வயது 32. மனைவி பாட்ரிசியாவும் நான்கு வயது மகள் அமாண்டாவும் இருந்தனர். உடல் ஆக்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சிறு கதவின் படபடப்பைக் கண்டு காற்றின் மனத்தையே அறிந்த மனிதர் அவர். அவரையும் ஒரு கூட்டின் பெயர்ச்சி கொண்டுபோயிற்று. எஞ்சின் நின்றுவிடவில்லை, ஓட்டுநர் தவறவில்லை, மூடிய பகுதி திறந்துகொண்டது. தகர டப்பாவில் கிடந்த போல்ட் என் நினைவுக்கு வந்தது. அன்று அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபமும் நினைவுக்கு வந்தது. விழித்தெழுந்து ஊருக்குப் போன் செய்தேன். நடு இரவில் என்ன என்று பதறினார் அப்பா. ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன்.

பிறகு

நிறுவனத்தின் தலையே போய்விட்டது. பந்தயத் தொடரின் முதல் போட்டிக்கோ பன்னிரண்டே நாட்கள். டென்னி ஹல்மின் கைகள் சில வாரங்களுக்கு முன் இண்டியானாபொலிஸ் தீ விபத்தில் வெந்து கட்டுப்போட்ட நிலையில் இருந்தன. வேறு எவராக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பார்கள். கோல்ன்புரூக் தொழிலாளர்கள் சாத்தவில்லை. வேலைக்குத் திரும்பினார்கள். ஜூன் 14ஆம் நாள் மோஸ்போர்ட்டில், புரூஸின் இடத்தில் டான் கர்னி ஓட்டிய கார் வென்றது. கட்டுப்போட்ட கைகளோடு ஹல்மும் ஓட்டினார். அவ்வாண்டின் பத்துப் பந்தயங்களில் ஒன்பதை அந்த அணியே வென்றது; ஹல்ம் சாம்பியன் ஆனார்.

1974இல் எமர்சன் ஃபிட்டிபால்டி மக்லாரன் காரில் உலகச் சாம்பியன் ஆனார். 2024இல், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, அணிகளுக்கான உலகச் சாம்பியன் பட்டம் மீண்டும் அந்தப் பெயருக்கு வந்தது. இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் உள்ள அந்நிறுவனத்தின் பெரிய தலைமையகத்தில், விலைமதிப்பற்ற கார்களின் வரிசையில், ஒரு சின்னஞ்சிறு ஆஸ்டின் செவன் அல்ஸ்டரும் இடம் பெற்றது. ரெமுவேராவில் ஒரு தந்தையும் மகனும் பூட்டிய அதே வண்டிதான்.

ஒரு மனிதன் செய்த வேலை நன்றாகப் பூட்டப்பட்டிருந்தால், அவன் போன பின்னும் அது ஓடும். புரூஸ் பூட்டியது எஞ்சினை மட்டும் அல்ல; மனிதர்களையும்தான். அந்தப் பன்னிரண்டு நாட்களே அதற்குச் சான்று.

முடிப்பதற்கு முன்

கலைக் கல்லூரியில் படிக்கும் நாம் பிரித்துப் பார்ப்பதில் வல்லவர்கள். கவிதையைப் பிரிக்கிறோம், ஆட்சிகளைப் பிரிக்கிறோம், சமுதாயத்தைப் பிரிக்கிறோம். பிரித்ததைத் திரும்பப் பூட்டிப் பார்க்கிறோமா? மீதி விழுந்த போல்ட்டுகளை எண்ணுகிறோமா? என் பாடத்தைப் பொறுத்தவரை, இல்லை என்றே சொல்வேன். இந்தக் குறையை எங்கள் பேராசிரியர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. முதலாண்டு சேர்க்கையின்போது விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் நான் சொந்தத் தொழில் என்று எழுதினேன். அது பொய் அன்று. ஆனால் நகக்கண்ணில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் எழுதியதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கட்டணத்தை எண்ணிக் கட்டிவிட்டு, பேருந்து நிலையத்துக்கு நடந்து போனார்.

வரும் மாதம் முதுகலைக்கான விண்ணப்பம் வாங்கப் போகிறேன். அதிலும் அந்தக் கட்டம் இருக்கும். இம்முறை மோட்டார் மெக்கானிக் என்று எழுதுவேன். மூன்றாண்டுகளாகக் காலியாகக் கிடக்கும் துளை அது; அதற்குரிய போல்ட் இதுதான்.